இரண்டாவது தடவைதான் கேட்டோம்: ஒரு டெல்டா பையனின் குடியும் அதற்கு முந்தைய கதையும்

முதல் தடவை அவனைப் பத்து நாள் வார்டில் வைத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் குடித்துவிட்டான்.

நான் டெல்டாவில் ஒரு போதை மீட்பு வார்டில் மனநல சமூகப் பணியாளர். டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். வீட்டுக்கதை கேட்பது, குடும்பத்தோடு பேசுவது, வீட்டுக்குப் போனபின் போன் போட்டு விசாரிப்பது, இதெல்லாம் என் வேலை. அதனால் இந்தக் கேஸில் நடந்த தப்பில் பெரிய பங்கு என்னுடையதுதான். குடிக்கு முன்பே அவனிடம் ஏடிஹெச்டி என்ற கவனச் சிக்கல் இருந்ததா என்று கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது நான். பையனும் அவன் அம்மாவும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் வைக்கவில்லை, பையன் என்றே எழுதுகிறேன்.

முதல் அட்மிஷன்

வயது 19. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனத்தில் ஒரு ஊர். குடும்பத்துக்கு எட்டு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லீரல் போய் இறந்துவிட்டார். அம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார், நூறு நாள் வேலைக்கும் போவார். வயலைப் பார்த்துக்கொள்வது தாய்மாமன். அக்காவை வலங்கைமான் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேர்ந்து ஏழாவது மாதம் நின்றுவிட்டான்.

ஜூலை மாதம் அது. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணி வந்து எல்லோரும் குறுவை நடவில் இருந்த நேரம், மாமா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அந்தக் கோபம் அவர் முகத்திலேயே தெரிந்தது. புகையிலை 13 வயதிலிருந்து, உதட்டுக்கு உள்ளே அதக்கிக்கொள்கிற சின்னப் பொட்டலம், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது. குடி 16 வயதிலிருந்து, ஒரு வருஷமாகத் தினமும் குவாட்டர், கையில் காசு இருந்தால் ஆஃப். கஞ்சா எப்போதாவது, கூட்டாளிகளோடு. கை நடுக்கம், தூக்கமில்லை, வியர்வை. டாக்டர் வழக்கமான சிகிச்சை கொடுத்தார், வைட்டமின் ஊசி போட்டார்கள், நாலாம் நாள் தெளிந்துவிட்டான்.

அப்புறம் என் முறை. கவுன்சலிங் நாலு தடவை. அந்த ஃபைலில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'ஒத்துழைப்பு குறைவு. சொல்வதைக் கேட்பதில்லை. நடுவில் எழுந்து போகிறான். கொடுத்த படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டான். திருந்தும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.' முதல் நாலு வாக்கியம் கண்ணால் பார்த்தது. ஐந்தாவது நானாகச் சேர்த்தது. முதல் நாலையும் ஒரு வியாதியின் பாடப்புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல எழுதி வைத்துவிட்டு, ஐந்தாவதில் அதைக் குணக்கேடு என்று முடித்திருக்கிறேன். போதை வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்த கை அது.

இரண்டாவது அட்மிஷன், டிரிப் ஸ்டாண்ட்

நவம்பர் கடைசி. மழை. வாய்க்கால் ஓரம் பைக் வழுக்கி விழுந்து காறை எலும்பு முறிந்து, எலும்பு வார்டிலிருந்து எங்களுக்கு அனுப்பினார்கள். குடித்திருந்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விசாரித்தபோது ஒன்று தெரிந்தது, அவன் வண்டியிலிருந்து விழுவது அது ஐந்தாவது தடவை, அதில் மூன்று குடிக்காமல் விழுந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானம் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வார்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். எங்கள் வார்டில் ஒரு டிரிப் ஸ்டாண்ட் உண்டு, சக்கரம் ஒன்று சுற்றாது, தள்ளினால் தரையில் கீறிக்கொண்டே வரும், இரண்டு வருஷமாக அப்படியே. அதைக் கட்டிலில் சாய்த்துப் போட்டு, ஒரு கை கழுத்தில் மாட்டிய தூக்குப்பட்டியில் தொங்க, இன்னொரு கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு பையன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அச்சில் சுற்றியிருந்த முடி, நூல், பஞ்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துத் துண்டில் வரிசையாக வைத்திருந்தான். தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டான். ஒன்றரை மணி நேரம். நான் பக்கத்தில் நின்றதுகூடத் தெரியவில்லை. அதே ஆளிடம் காலையில் வாரத்தில் எத்தனை நாள் குடிப்பாய் என்று கேட்டதற்கு நாலு நிமிஷம் உட்கார முடியவில்லை.

மாமா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "பாத்தீங்களா மேடம், அவனுக்குப் புடிச்சா செய்வான். புடிக்கலன்னா செய்யமாட்டான். கொழுப்பு." இந்த வாக்கியத்தை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை, இதைச் சொல்லாத குடும்பமே குறைவு. ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவு மிகைச்செயல்பாடு உள்ளவர்களிடம் கவனமே இருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கவனம் இருக்கும். எதன்மேல் வைப்பது, எப்போது எடுப்பது என்பதுதான் அவர்கள் பிடிக்கு வராது. கையில் உடனே பலன் தெரிகிற வேலையில், புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்கிற வேலையில், அவர்களை எழுப்பவே முடியாது. சோறு ஆறிப்போகும்.

அன்று சாயங்காலம் அம்மாவைத் தனியாக உட்கார வைத்து, குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "அவன் ஆறு வயசுல எப்படிம்மா இருந்தான்?" என்று கேட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அம்மா சொன்னது, டீச்சர் சொன்னது, நோட்டு சொன்னது

அவர் சிரித்துவிட்டார், அப்புறம் அழுதார். நாலு வயதில் குளத்தில் விழுந்தது, ஆறு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்தது, ஒரே வருஷத்தில் ஏழு ஜோடி செருப்பு தொலைத்தது, கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால் பாதி வழியில் யாரோ டிராக்டர் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றது. "ஒத்த எடத்துல ஒக்காரமாட்டான் மேடம். சாப்புடுறப்பகூட நாலு வாய்க்கு ஒரு தடவ எழுந்து போய்ட்டு வருவான். அவங்க அப்பாவும் அப்படித்தான்." அப்பா பதினைந்து வருஷத்தில் ஒன்பது தொழில் மாறியவர். இரண்டு தடவை வெளிநாடு போய் இரண்டு தடவையும் காண்ட்ராக்ட் முடியாமல் திரும்பியவர். அவருக்கு யாரும் பரிசோதனை செய்ததில்லை, இனிச் செய்யவும் முடியாது. ஆனால் இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம். இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ரிட்டையர் ஆகி அதே தெருவில் இருக்கிறார். போன் போட்டோம். "கெட்ட பையன் இல்ல மேடம். ஒக்காரமாட்டான், அவ்வளவுதான். அதனால மணி அடிக்கிறது, தண்ணிக் குடம் எடுத்துட்டு வர்றது, ஹெச்.எம். ரூமுக்குச் சீட்டு கொண்டுபோறது, எல்லாத்துக்கும் அவனத்தான் அனுப்புவேன். போய்ட்டு வந்தான்னா ஒரு கால்மணி நேரம் எழுதுவான்." அந்த டீச்சர் ஏடிஹெச்டி என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒரு குழந்தை மனநல டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடிய ஏற்பாட்டை இருபத்தெட்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தானாகவே செய்திருக்கிறார். ஐந்தாம் வகுப்புவரை அது ஓடியது. ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம், வகுப்பில் அறுபது பேர், பாடத்துக்கு ஒரு வாத்தியார், மணி அடிக்க பியூன் இருக்கிறார். அங்கே பிடி விட்டுப்போனது.

அம்மா அடுத்த தடவை வரும்போது ஒரு மஞ்சள் பையில் பழைய நோட்டுகளைக் கொண்டு வந்தார், எதற்கு வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டு. முதல் பக்கம் குண்டு குண்டான அழகான எழுத்து, இரண்டு கலர் பேனா, தலைப்புக்கு அடிக்கோடு. மூன்றாம் பக்கம் எழுத்து சரிய ஆரம்பிக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் 'சோழர்களின் உள்ளாட்சி' என்று தொடங்கி அப்படியே நிற்கிறது, அதற்குக் கீழே ஒரு டிராக்டர் படம், பின் சக்கரத்தின் கேஜ் வீல்வரை பிசகாமல். ஆறாம் பக்கத்திலிருந்து வெற்று. எட்டு நோட்டு பார்த்தேன், எட்டும் இதே மாதிரி.

காவல் ராத்திரி

முதன்முதலில் புகையிலை எப்போது என்ற கேள்விக்கு முதல் அட்மிஷனில் '13 வயது, நண்பர்கள்' என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை விட்டுப் பேசச் சொன்னேன். நண்பர்களே கிடையாது அதில்.

சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் காயப்போடு, சாக்கு இல்லை என்றால் காத்திரு, லாரி வரவில்லை என்றால் இடமில்லை. அதற்குள் மழை வந்தால் படுதா போட ஒரு ஆள் ராத்திரி கூடவே இருக்க வேண்டும். அப்பா போதையில் கிடந்ததால் பையனை உட்கார வைத்துவிட்டார்கள். 13 வயது. மூன்று ராத்திரி.

"சும்மா ஒக்காந்திருக்கணும்க்கா. அதான் வேல. ரெண்டாவது நாளே பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சு. சாக்க எண்ணுவேன், எந்திரிச்சு குவியலச் சுத்தி ஓடுவேன், திரும்ப எண்ணுவேன். மூட்ட தூக்குற அண்ணன் ஒருத்தர் பாத்துட்டு, இந்தாடா இத வச்சுக்க, தூக்கம் வராதுன்னு குடுத்தாரு. மொதல்ல வாந்தி எடுத்துட்டேன். மறுநா இன்னொண்ணு வச்சேன். தலைக்குள்ள நாலு ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும்க்கா எனக்கு. அன்னைக்கு மூணு நின்னுபோச்சு."

நிக்கோட்டின் கவனத்தைக் கொஞ்ச நேரம் கூர்மையாக்குவது உண்மைதான். மூளையில் டோபமைன் வெளிவருவதை அது தூண்டுகிறது, ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் ஊக்க மருந்துகளும் வேறு வழியில் அதே டோபமைனைத்தான் தொடுகின்றன. ஆனால் அரைமணி, ஒரு மணியில் இறங்கிவிடும், இறங்கும்போது முன்னைவிட எரிச்சல், முன்னைவிடக் கவனச் சிதறல். அப்போது அடுத்த பொட்டலம். பையனுக்கு எது வியாதியின் தவிப்பு, எது புகையிலையின் தவிப்பு என்று பிரித்துப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் ஆறு வருஷம் போயிருந்தது. போதையைத் தானே மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கருத்து 1985லேயே எழுதப்பட்டது. எல்லாருக்கும் அது பொருந்தாது, இவன் கதைக்குப் பாதி பொருந்துகிறது. மீதிப் பாதி, தெருமுனையில் கடை இருந்தது, விலை மலிவு, வீட்டில் குடிக்கிற அப்பா.

கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் எங்கேயும் விற்கக்கூடாது என்று 2003ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. சிறாருக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் ஏழு வருஷம்வரை சிறை என்று 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாமல் மதுக்கடையில் வாங்க முடியாது. பையனுக்கு இது எதுவும் ஒரு நாள்கூடத் தடையாக இருந்ததில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்த 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நிக்கோட்டினுக்கு அடிமையாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, மது, கஞ்சாவில் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள். மறுபக்கத்திலிருந்து பார்த்தால், போதை சிகிச்சைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு ஏடிஹெச்டி என்று 2012இல் ஒரு தொகுப்பாய்வு பார்த்தது: 23 சதவீதம். பொதுவாகப் பெரியவர்களில் இது இரண்டரை சதவீதத்தை ஒட்டித்தான். எங்கள் வார்டில் இருபது கட்டில். இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் எந்த நேரமும் நாலைந்து பேராவது இருக்க வேண்டும். அதுவரை நான் குறித்து வைத்தது பூஜ்யம்.

இதைப் படித்துவிட்டுச் சேட்டை செய்கிற பிள்ளையைப் பார்த்து இவன் குடிகாரனாகிவிடுவான் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் போதைப் பக்கம் போவதில்லை. போகிறவர்களைப் பார்த்தால் இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: நடத்தைச் சிக்கல். அடிதடி, திருட்டு, வீட்டைவிட்டு ஓடுவது. இரண்டும் சேரும்போது ஆபத்து தெளிவாகக் கூடுகிறது, சில ஆய்வுகளில் பாரத்தில் பெரும் பங்கு நடத்தைச் சிக்கலின் தலையிலேயே விழுகிறது. எங்கள் பையன் 15 வயதில் பக்கத்து வயல் மோட்டாரின் செப்புக் கம்பியை உருவி விற்றிருக்கிறான். பஞ்சாயத்தாகி மாமா பணம் கட்டியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியாரைக் கைநீட்டியிருக்கிறான், அதற்கு முன்னால் அந்த வாத்தியார் அவனை மூன்று வருஷம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். எது முதலில் என்று கேட்டால் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. தினமும் திட்டு வாங்கி வாங்கியே வளர்கிற பிள்ளை, பாராட்டுகிற முதல் கூட்டத்தோடு போய்விடும். கலுங்கடியில் உட்கார்ந்து குடிக்கிற கூட்டத்தில் இவனை யாரும் ஒழுங்காக உட்காரச் சொன்னதில்லை.

இன்னொன்று காத்திருக்க முடியாமை. கவுன்சலிங்கில் ஒரு சின்னக் கேள்வி கேட்பேன், இப்போதே 200 ரூபாய் வேண்டுமா, அடுத்த வெள்ளிக்கிழமை 500 ரூபாய் வேண்டுமா என்று. குடிக்கிறவர்கள் பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு 500 என்பார்கள், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து. இவன் யோசிக்கவே இல்லை. "அடுத்த வெள்ளிக்கெழம யாருக்கா கண்டா?" என்றான். தூரத்தில் இருக்கிற பலன் அவனுக்குப் பலனாகவே தோன்றுவதில்லை. நாங்களோ அவனிடம், இப்போது விட்டால் நாற்பது வயதில் கல்லீரல் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உடனே முத்திரை குத்தவில்லை

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, டாக்டரிடம் ஓடினேன். அவர், "குடி நிக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். சரிதான். மது விட்ட முதல் சில வாரம் யாருக்குமே கவனம் நிற்காது, கை பரபரக்கும், தூங்க மாட்டார்கள். கஞ்சாவும் மறதியைக் கொடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஆறு கேள்விச் சோதனை ஒன்று உண்டு, ஐந்து நிமிஷத்தில் முடியும், ஆனால் போதையில் இருக்கும்போது கொடுத்தால் இல்லாதவருக்கும் இருக்கிறது என்று காட்டிவிடும். நாலு வாரம் காத்திருந்தோம். வாரம் ஒரு நாள் ஓ.பி., சிறுநீர்ச் சோதனை. தைராய்டு பார்த்தார், தலையில் அடிபட்ட வரலாறு கேட்டார், மனநிலை ஏறி இறங்குகிற வியாதி இருக்கிறதா என்று தனியாக விசாரித்தார், கற்றல் குறைபாட்டுக்கும் ஒரு சோதனை வைத்தார். கடைசியில் தீர்மானித்தது அம்மாவின் பேச்சு, டீச்சரின் போன், எட்டு நோட்டு. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும், 17 வயது ஆனவர் என்றால், கவனத்தில் ஒன்பது, பரபரப்பில் ஒன்பது என்ற அறிகுறிகளில் ஏதாவது ஒரு பக்கம் ஐந்து போதும். இவனுக்குக் கவனத்தில் எட்டு, பரபரப்பில் ஆறு.

டாக்டர் அவனிடம் இதைச் சொன்ன அன்று நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் முட்டாள் இல்லியா?" என்றான்.

போதைக்குப் போதையா?

மாமா கேட்ட கேள்வி அது. மாத்திரையால் குடியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு அடிமையாக வேண்டுமா? நியாயமான கேள்விதான். ஏடிஹெச்டிக்கு அதிகம் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட் 1944இல் கண்டுபிடித்த மருந்து, நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. தவறாகப் பயன்படுத்த முடியும். ஆனால் ஒழுங்காகக் கொடுத்தால் பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டுகிறதா? 2013இல் வந்த தொகுப்பாய்வு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்றது. ஸ்வீடனின் அரசுப் பதிவேடுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு, மருந்து எடுத்தவர்களிடம் போதைச் சிக்கல் 31 சதவீதம் குறைவு என்றது. பதிவேட்டு ஆய்வை மட்டும் வைத்து மருந்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிற குடும்பம் மற்றதையும் ஒழுங்காகச் செய்யும். கூட்டுகிறது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, அதுவரை நிச்சயம்.

டாக்டர் அட்டோமாக்ஸெட்டின் கொடுத்தார். ஊக்க மருந்து வகை இல்லை, பழக்கமாவதில்லை, கூட்டாளிகளுக்கு விற்கவும் முடியாது. முதலில் கல்லீரல் சோதனை, ரத்த அழுத்தம், நாடி. இளம் வயதினருக்கு இந்த மருந்தில் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை இருப்பதால் ஒவ்வொரு தடவையும் அதையும் கேட்டார். ஒரே சங்கடம், முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம். வெள்ளிக்கிழமைக்கே காத்திருக்க முடியாதவனிடம் ஆறு வாரம் பொறு என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜனவரி முதல் வாரம் ஆரம்பித்தோம். காலையில் குமட்டல், வாய் வறட்சி, சோறு இறங்கவில்லை. பத்தே நாளில் பொங்கல். மாட்டுப் பொங்கலன்று குடித்தவன் நாலு நாள் நிறுத்தவில்லை. மாமா போன் போட்டு மாத்திரையைக் குளத்தில் வீசிவிட்டதாகச் சொன்னார். அம்மா புதுசாக வாங்கினார், எங்கள் மருந்தகத்தில் அப்போது இருப்பு இல்லை, வெளியில் காசு கொடுத்து. 2008இல் குடியை விட்டுச் சில நாளே ஆன பெரியவர்களிடம் இதே மருந்தைச் சோதித்திருக்கிறார்கள்: ஏடிஹெச்டி குறைந்தது, மறுபடி குடிக்கத் தொடங்கும் நாள் தள்ளிப்போகவில்லை, ஆனால் அளவுமீறிக் குடித்த நாட்களின் எண்ணிக்கை குறைந்தது. அதை மாமாவிடம் இப்படிச் சொன்னேன்: விழமாட்டான் என்று சொல்லவில்லை, விழுந்தால் சீக்கிரம் எழுவான். அவர் நம்பவில்லை. நானும் அப்போது முழுசாக நம்பவில்லை.

மருந்துக்கு வெளியே செய்ததுதான் என் பங்கு. பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாடுகள். ஐம்பது நிமிஷ கவுன்சலிங்கை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிஷம் வைத்தேன், அதுவும் ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றி நடந்துகொண்டே. முதல் தடவையாகப் பையன் பேசினான். போனிலிருந்து பணம் அனுப்பும் ஆப்பை எடுத்துவிட்டு, சம்பளம் அக்கா கணக்குக்குப் போகிற மாதிரி செய்தோம், காசு உடனே கைக்கு வராமல் இருந்தால் ஐந்து நிமிஷம் யோசிக்கவாவது நேரம் கிடைக்கும் என்பது அவனே சொன்னது. மன்னார்குடியில் பம்புசெட், பவர் டில்லர் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் சேர்த்தோம். முதலாளியிடம் ஒரே நிபந்தனை: கூலியை வாரக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல், சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றாடம் கணக்கு முடிக்க வேண்டும், குடிக்காமல் வந்த நாளுக்கு முப்பது ரூபாய் கூட, பணம் எல்லாம் அக்கா கணக்குக்கு. அவர் சிரித்தார், ஆனால் செய்தார். குடிக்க வேண்டும் என்ற வேகம் இருபது நிமிஷத்துக்கு மேல் அதே உச்சத்தில் நிற்காது என்று எல்லா நோயாளிகளிடமும் சொல்வோம். இவனுக்கு அந்த இருபது நிமிஷத்தில் கைக்கு வேலை வேண்டும், அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய கார்புரேட்டர். அதைக் கழற்றி மாட்டுவான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை அம்மா பயந்துபோய் 14416க்குப் போன் போட்டார், டெலி மானஸ், 2022இல் தொடங்கிய இலவச எண். தமிழிலேயே பேசினார்கள். அன்று ராத்திரி அது போதுமானதாக இருந்தது.

பதினாலு மாதம்

ஆறாவது வாரம் அம்மா சொன்னது: "சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருக்கான் மேடம்." பட்டறை முதலாளி சொன்னது: எடுத்த ஸ்பேனரைத் திரும்ப வைக்கிறான். இவ்வளவுதான் மாற்றம், இதற்குத்தான் ஒன்றரை மாதம். ஆடிப்பெருக்கு குடிக்காமல் தாண்டினான். செப்டம்பரில் குறுவை அறுப்புக்கு வெளியூரிலிருந்து வந்த அறுவடை மெஷினோடு உதவிக்குப் போய், ஒரு ராத்திரி அவர்களோடு குடித்துவிட்டான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. வாசலில் நின்றான். யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. எங்கள் வாசலுக்கு அவன் தானாக வந்தது அதுதான் முதல்.

புகையிலை விடவில்லை. ஒன்பதிலிருந்து இரண்டு மூன்றுக்கு வந்திருக்கிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. கஞ்சா இல்லை என்கிறான், சோதனையும் அப்படித்தான் சொல்கிறது. இடையில் ஒரு மாதம் மாத்திரையை மறந்துவிட்டான், மறப்பதுதானே அவன் வியாதி, இப்போது பல் துலக்கும் பிரஷ்ஷோடு ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார் அம்மா.

எதிர்பாராத ஒன்று அக்காவிடமிருந்து வந்தது. தம்பிக்காகக் கேட்ட கேள்விகளைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், இதெல்லாம் எனக்கும் இருக்கிறதே என்றார். ஓடியாடிச் சேட்டை செய்ததில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் முடித்தவர், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததற்கு மாமியாரிடம் தினமும் பேச்சு வாங்குகிறவர். பெண் பிள்ளைகளில் இந்த வகையை யாரும் கண்டுகொள்வதில்லை. அவருடைய ஆறு வயது மகன் போன வாரம் வார்டு வராண்டாவில் சக்கர நாற்காலியை இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டான். குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

இப்போதெல்லாம் எங்கள் அட்மிஷன் படிவத்தில், எப்போதிலிருந்து குடிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு மேலே, பேனாவால் ஒரு வரி எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்: மூன்றாம் வகுப்பில் எப்படி? பாதிப் பேர் வியந்து பார்க்கிறார்கள். கேட்ட 64 பேரில் 13 பேரை டாக்டரிடம் அனுப்பினேன், அவர் ஒன்பது பேருக்கு உறுதி செய்தார். இது ஆராய்ச்சி இல்லை, ஒரு வார்டுக் கணக்கு.

இந்த பிப்ரவரி, சம்பா நெல்லைக் கொட்டியிருந்தார்கள். மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தேன், காவலுக்கு அவனை அனுப்பாதீர்கள் என்று. மாமாவுக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை. ராத்திரி பதினொன்றே காலுக்கு போன்.

"அக்கா, சாக்கு வரல, மூணாவது ராத்திரி. பக்கத்துக் குவியல்ல ஆளுங்க குடிக்கிறாங்க."

"நீ எங்க இருக்க?"

"தூத்துற மெஷின் பெல்ட்டு அந்துபோயிருச்சுக்கா, நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். லைட்டு புடிக்க ஆளில்ல, போன்ல டார்ச்சு போட்டு வாயில கவ்வியிருந்தேன். இப்பத்தான் எடுத்தேன். வைக்கட்டா?"

வைத்துவிட்டான். மறுநாள் மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டேன், தூங்குகிறான் என்றார். குடித்தானா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஓ.பி.